கன்றுக்குட்டி மட்டும் துப்பவில்லை

எங்கள் வீட்டில் எச்சில் விஷயத்தில் இரண்டு கட்சிகள்.

ஒன்று என் மாமியார் ராஜாமணியின் கட்சி. யாராவது வந்து "மாடு நல்லா கறக்குதாட்டம் இருக்குதே" என்று சொல்லிவிட்டுப் போனால் போதும், அன்று சாயங்காலமே கை நிறைய உப்பும் வரமிளகாயும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். எல்லோரையும் கிழக்குப் பார்க்க உட்கார வைத்து, தலையைச் சுற்றி, கையை வாய்க்கு நேரே நீட்டி "துப்பு" என்பார். மூன்று தடவை துப்ப வேண்டும். வீட்டு ஆட்கள் மட்டும் என்றில்லை, அந்த நேரத்தில் வாசலுக்குள் யார் இருந்தாலும் துப்ப வேண்டும். ஒருமுறை சிலிண்டர் கொண்டுவந்தவர்கூடத் துப்பிவிட்டுத்தான் வெளியே போனார். அதன் பிறகு அத்தனையும் அடுப்புக்குப் போகும். மிளகாய் கமறி எல்லோரும் இருமினால் கண் இல்லை என்று அர்த்தம். நெடியே வரவில்லையென்றால் ஊர்க்கண் முழுவதும் எங்கள் மேல்தான்.

இன்னொன்று என் நாத்தனார் சசிகலாவின் கட்சி. அதில் அவள் ஒருத்திதான். அவள் தண்ணீர் பாட்டிலில் யாராவது வாய் வைத்துவிட்டால் அந்தப் பாட்டில் அதோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடும். காபியைக்கூட அண்ணாந்து குடிக்கிறவள். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர் அறிவழகன், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளுடைய குச்சி ஐஸை ஒரு நக்கு நக்கிவிட்டாராம். அதை இன்னும் மன்னிக்கவில்லை.

நான் நிர்மலா, இந்த வீட்டு மருமகள். எந்தக் கட்சியிலும் இல்லாமல் இரண்டு கட்சிக்கும் களி கிண்டிப் போடுகிறவள்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். கொரோனா மூன்றாவது அலை வந்த தை மாதம் அது. சசி பென்னாகரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளி மூடிக் கிடந்ததால் வீட்டில் இருந்தபடி போனில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதற்கு முன் வந்த வரன்கள் எல்லாம் அற்ப காரணங்களுக்குத் தட்டிப்போயிருந்தன. ஒரு வீட்டார் உயரம் அதிகம் என்றார்கள். இன்னொரு வீட்டார் கிளம்பும்போது பல்லி சொல்லிவிட்டது என்று பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். அந்தப் பல்லி மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

இந்தத் தடவை வந்தது அரூர் வரன். பையன் பிரபாகர், ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பா இல்லை, அம்மா சாலம்மாள் மட்டும். ஜாதகம் பொருந்தி, நம்பர் கைமாறி, ஒரு மாதமாக இருவரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாப் பையன்களும் "உங்களுக்கு என்ன புடிக்கும்?" என்று கேட்பார்களாம். இவன் "உங்களுக்கு என்ன புடிக்காது?" என்று கேட்டானாம். அதில் விழுந்தவள்தான் சசி. அதன்பிறகு துணி காயப்போடும்போது பாடினாள். சசி பாடி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை, கேட்டபிறகு ஏன் என்றும் புரிந்தது.

ஆனால் பெண் பார்க்கிற நாள் இரண்டு தடவை தள்ளிப்போனது. ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கு. இன்னொரு தடவை அவர்கள் தெருவில் ஒரு சாவு. சாலம்மாள் போனில் என் மாமியாரிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். "ரெண்டு வாட்டி தட்டிப்போச்சுங்க. மூணாவது வாட்டியும் தடங்கல் வந்தா நமக்கு அமைப்பு இல்லன்னு வுட்டுட வேண்டிதுதான்." அதைக் கேட்டதிலிருந்து சசி பாடுவதை நிறுத்திவிட்டு, நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவதாகக் குறித்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின நாள்தான் நர்சம்மா லூர்துமேரி வந்தார்.

லூர்துமேரியை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. ஸ்கூட்டியில் பறந்துகொண்டே தடுப்பூசி, கர்ப்பிணி, சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் பார்க்கிறவர். அன்று அவர் பையில் விரல் நீளத்தில் சிவப்பு மூடி போட்ட டியூப்கள். சசி குளித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன், பேச்சு அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. டியூபை வாங்கியது மாமியார்.

"காலேஜ் ஒண்ணுல ஆராய்ச்சி பண்றாங்கம்மா. மூக்குல குச்சி வுடற வேலையே இல்ல, எச்சி துப்புனா போதும். வூட்டுக்கு ஒண்ணு. இதுல சசிகலா பேரு எழுதியிருக்குது, பாருங்க."

"உள்ளார என்னமோ தண்ணி கெடக்குதே?"

"உப்புத்தண்ணியாட்டம் ஒரு மருந்துங்க, கெட்டுப்போவாம இருக்க. காலையில பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி துப்பி வைங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."

இதைச் சொல்லும்போதே லூர்துமேரியின் ஸ்கூட்டி அடுத்த வீட்டு வாசலில் நின்றது. மாமியார் டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உள்ளே உப்புத்தண்ணீர், மேலே மிளகாய்ப் பழ நிறத்தில் மூடி, அதில் துப்ப வேண்டும், வீட்டுக்கு ஒன்று, பெண்ணின் பேர் வேறு எழுதியிருக்கிறது. அவர் முகம் மலர்ந்ததை நான் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"பரவால்ல நிர்மலா, அரசாங்கத்துக்கே இப்பத்தான் புத்தி வந்திருக்குது" என்றார்.

என்ன சொல்கிறார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். களி அடிப்பிடிக்கிற நேரத்தில் மாமியாரிடம் விளக்கம் கேட்கிற மருமகள் யாராவது இருந்தால் காட்டுங்கள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கார் வந்தது. கேழ்வரகு அறுத்துப் போர் போட்டிருந்த நேரம். வீட்டுக்குள் மூட்டைகள் அடைத்துக் கிடந்ததால் வாசலில்தான் நாற்காலி போட்டிருந்தோம். நல்ல காற்று. பக்கத்துக் களத்தில் யாரோ தூற்றிக்கொண்டிருந்தார்கள். சாலம்மாள் காரை விட்டு இறங்கியதுமே இருமினார். "தூசிங்க, எனக்கு ஒத்துக்காது" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாஸ்க் தாடையில் தொங்கியது.

பிரபாகர் அப்படி இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க். கொடுத்த நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு காற்று வாக்கில் ஓரமாக உட்கார்ந்தான். கேட்டதற்கு மட்டும் பதில். என் மாமனார் காளியப்பனுக்கு ஒரே பெருமை. "படிச்ச பையன்னா இப்படித்தான் இருக்கோணும். பாரு, மாஸ்க்க எறக்கவே இல்ல" என்று என் வீட்டுக்காரர் காதில் எங்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்.

சசி காபி கொண்டு போனாள். பிரபாகர் டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். காபி ஆறி ஆடை கட்டியது. கடைசியில் கீழே வைத்துவிட்டு, "எனக்குக் காபி பழக்கமில்லைங்க" என்றான்.

உள்ளே வந்த சசியின் கண் கலங்கியிருந்தது. "அண்ணி, ஒரு நாளைக்கு நாலு காபி குடிக்கறேன்னு என்கிட்ட சொன்னாரு. என்னைய நேர்ல பாத்ததும் புடிக்கல போலிருக்குது."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

அவர்கள் கிளம்ப எழுந்தபோது என் மாமியார் டியூபோடு வந்தார்.

"சித்த உக்காருங்க. ரெண்டு வாட்டி தட்டிப்போனதுக்கு எல்லாம் கண்ணுதான் காரணம். நர்சம்மாவே குடுத்துட்டுப் போயிருக்குது, வூட்ல இருக்கறவங்க எல்லாரும் துப்போணும்."

நர்சம்மா என்ற பேரைக் கேட்டதும் நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். கெவர்மெண்ட் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். கணக்கு டீச்சரும் அப்படியே நினைத்தாள். சம்பந்தி வீட்டார் முன்னால் அம்மாவிடம் சண்டை போடவும் முடியாதே. பேர் அவளுடையது என்பதால் அவள் முதலில் துப்பினாள். அதே டியூபில் அடுத்தடுத்து அப்பா, அண்ணன், நான், அம்மா என்று துப்பியதைக் கண்ணை மூடிக்கொண்டு சகித்தாள். ஆளுக்கு மூன்று சுற்று, மூன்று துப்பல். சாலம்மாள் இந்த விஷயத்தில் என் மாமியாருக்குச் சளைத்தவர் இல்லை. சந்தோஷமாகத் துப்பினார்.

பிரபாகர் மட்டும் பின்வாங்கினான். "எனக்கு வேண்டாங்க."

"கூச்சப்படாதீங்க மாப்பள."

"இல்லைங்க, நான்..."

"பெரியவங்க கையில வெச்சுக்கிட்டு நிக்கறாங்க இல்ல? துப்புடா!" என்று சாலம்மாள் அதட்டினார்.

அவன் மாஸ்க்கை இறக்கினான். ஒரு மாதம் போனில் பேசிய மாப்பிள்ளையின் முழு முகத்தை என் நாத்தனார் முதல்முதலாக நேரில் பார்த்தது அப்போதுதான். அவன் உதட்டைக் குவித்து மூன்று முறை துப்பிவிட்டு, மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, குற்றவாளி மாதிரி காருக்குப் போய்விட்டான்.

கார் போன கொஞ்ச நேரத்தில் லூர்துமேரி வந்தார்.

"துப்பியாச்சுங்களா?"

"ஆச்சு ஆச்சு. அடுப்புல போடறத நீங்களே பாத்துக்குவீங்களா?"

"எல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா" என்று, காதில் போனும் கையில் பையுமாக அவர் டியூபை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லூர்துமேரி திரும்பி வந்தபோது வாசலுக்கு வெளியிலேயே நின்றார். பின்னால் ஒருவர் பிளீச்சிங் பவுடர் வாளியோடு நின்றார்.

"பயப்படாதீங்க. சசிகலாவுக்குப் பாசிட்டிவ் வந்திருக்குது. தனி ரூம்ல இருக்கோணும்."

சசி வெளியே வந்தாள். "எனக்கா? அது வூட்டு டியூப் இல்லைங்களா சிஸ்டர்?"

"வூட்டு டியூப்னா?"

"எல்லாரும் துப்புனமே."

லூர்துமேரி வாளிக்காரரைப் பார்த்தார். வாளிக்காரர் வானத்தைப் பார்த்தார். "எல்லாரும்னா யாரு யாரு?"

மாமியார் முன்னால் வந்து பெருமையாகச் சொன்னார். "சசி, அவங்கப்பா, என் பையன், மருமவ, நானு. அப்பறம் அரூர் சம்பந்தியம்மா, மாப்பள. யாரையும் வுடல. கன்னுக்குட்டிக்கும் சுத்துனேன், அது மட்டுந்தான் துப்பல."

லூர்துமேரி அங்கேயே ஸ்கூட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, அது டெஸ்ட்டு!"

"டெஸ்ட்டுன்னா கண்ணு இருக்குதா இல்லியான்னு பாக்கறதுதானே?"

"கண்ணு இல்லம்மா, கொரோனா! பேசறப்ப, இருமறப்ப, சிரிக்கறப்ப வாயிலிருந்து தெறிக்கற எச்சியிலதான் அது அடுத்தவங்களுக்குப் போவுது. அதே எச்சியிலதான் அது இருக்குதான்னும் பாக்கறாங்க."

"சிரிச்சாக்கூடவா?" என்று மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார்.

லூர்துமேரிக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. "பல பேரு எச்சிய ஒண்ணாக் கலந்து டெஸ்ட் பண்றது உண்டுங்க. பாசிட்டிவ் வந்தா அப்பறம் ஒவ்வொருத்தரையும் தனித்தனியாப் பாப்பாங்க. அத லேப்ல பண்ணுவாங்க. நீங்க வாசல்லயே பண்ணிட்டீங்க. எம்மேலயும் தப்பு இருக்குது, வெவரமாச் சொல்லாம ஓடிட்டேன்." எங்கள் எல்லோரிடமும் தனித்தனி டியூபில் எச்சில் வாங்கிக்கொண்டார். என் மாமியார் கையில் வாங்கிய டியூபைத் தன் தலையைச் சுற்றப்போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார்.

இதற்குள் வாசலில் கொட்டின பிளீச்சிங் பவுடர் தன் வேலையைக் காட்டிவிட்டது. எங்கள் ஊரிலிருந்து அரூருக்கு பஸ்ஸில் போவதென்றால் பாதிநாள் ஆகும். சேதி போக ஒரு தேநீர் ஆறுகிற நேரம் போதும். சாயங்காலமே சாலம்மாள் கூப்பிட்டார்.

"பொண்ணுக்குக் கொரோனாவாமே. உடம்ப நல்லாப் பாத்துக்கச் சொல்லுங்க. மத்தத அப்பறம் பாத்துக்கலாம்."

கல்யாணப் பேச்சில் "அப்பறம்" என்றால் என்ன என்பது பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது தடங்கலும் வந்துவிட்டது. மாமியார் போனை வைத்துவிட்டு முந்தானையில் மூக்கைச் சிந்தினார். சசி மூட்டை அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொரோனாவுக்காகப் போனாளா, அழப்போனாளா என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாளில் எங்கள் ரிசல்ட் வந்தது. ஐந்து பேருக்கும் நெகட்டிவ். சசிக்கும் நெகட்டிவ்.

"சந்தேகத்துக்கு இன்னொரு வாட்டியும் பாத்துருவோம்" என்று லூர்துமேரி மறுபடி எச்சில் வாங்கிப்போனார். அதுவும் நெகட்டிவ். "காத்தோட்டமா வாசல்ல உக்காந்தீங்களே, தப்பிச்சீங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப பாக்கி ரெண்டு பேர்ல ஒருத்தருங்க. போன்ல சொல்லிருங்க, அவங்களும் டெஸ்ட் எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் இருமியது யார்? சாலம்மாள். எங்கள் எல்லோர் மனதிலும் ஒரே முகம்தான் ஓடியது. ஆனால் போன் மட்டும் மேசை மேல் அப்படியே கிடந்தது. மாமனார் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்தார். ஏற்கனவே இரண்டு தடவை காட்டிய மாடு அது.

"சம்பந்தியம்மா எச்சியில கொரோனான்னு எந்த வாயால சொல்றது?" என்றார் மாமியார். "அவங்க மூஞ்சிய அப்பறம் எப்படிப் பாக்கறது? சசிக்கு இருந்துச்சு, சரியாப் போச்சுன்னே இருக்கட்டும். கொஞ்ச நாள்ல அவங்களே மறந்துருவாங்க."

அறைக் கதவு திறந்தது. இவ்வளவு நேரம் சசி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"எனக்கு இல்லாத நோய எம்பேர்ல எழுதி வெச்சுக்கிட்டு நான் எதுக்கும்மா இருக்கோணும்? உயரம்னாங்க, பேசாம இருந்தேன். பல்லின்னாங்க, பேசாம இருந்தேன். இதுக்கும் பேசாம இருந்தா நான் எதுக்குத்தான் பேசறது?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். எங்கள் வீட்டில் டவர் நன்றாகக் கிடைப்பது அங்கேதான். "அண்ணி, நீங்களும் வாங்க" என்றாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

பிரபாகர் ஒரே மணியில் எடுத்தான். "சசி, உடம்பு எப்படிங்க இருக்குது?" குரல் கட்டியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. எங்க வூட்ல யாருக்குமே இல்ல, ரெண்டு வாட்டி பாத்தாச்சு. அந்த டியூப்ல ஏழு பேரு துப்புனோம். எங்க அஞ்சு பேருக்கும் நெகட்டிவ். உங்கம்மா அன்னிக்கு இருமுனாங்க. கோவப்படாதீங்க, அவங்களுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துருங்க. வயசானவங்க."

லைன் கட்டாகிவிட்டதோ என்று சசி போனைப் பார்த்தாள்.

"அம்மா இல்லைங்க" என்றான் கடைசியில். "நான்தான். அம்மாவுக்கு நேத்தே பாத்தாச்சு, நெகட்டிவ். அவங்களுக்கு நெசமாவே தூசிதான்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமை காய்ச்சல் அடிச்சுது. மெடிக்கல்ல கிட் வாங்கிப் பாத்தேன். ரெண்டு கோடு வந்துச்சு."

வியாழக்கிழமை தெரிந்துகொண்டு வெள்ளிக்கிழமை வந்திருக்கிறான்!

சசியின் குரல் இறங்கிவிட்டது. அவள் கத்துவதைவிட இது மோசம் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரிந்திருக்காது. "எங்கப்பாவுக்குச் சர்க்கரை இருக்குதுன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

"தெரியுங்க. அதனாலதான் தள்ளி உக்காந்தேன், மாஸ்க்க எறக்கல. காபியக்கூட வாயில வெக்கல. மூணாவது வாட்டியும் வரலைன்னா அம்மா வேண்டாம்னு முடிச்சுருவாங்க. உங்கள வுட்ருவனோன்னு பயந்துட்டேன்."

"துப்புனீங்களே!"

"அது அடுப்புக்குப் போவும்னு நெனச்சேங்க. எங்கூட்லயும் அடுப்புலதான் போடுவாங்க. லேபுக்குப் போவும்னு யாருங்க கண்டாங்க?"

எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. சசிக்கு வரவில்லை. ஆனால் காபியைப் பற்றி அவன் சொன்ன இடத்தில் அவள் முகம் ஒரு கணம் இளகியதை நான் பார்த்தேன். பிடிக்காமல் வைத்த காபி இல்லை அது. பெண்ணுக்கு அது தெரிந்தால் போதாதா? அவளுக்குப் போதவில்லை.

"நீங்க செஞ்சது தப்புங்க. எம்மேல இருக்கற ஆசையில செஞ்சாலும் தப்புதான். எங்கப்பாவுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா நான் உங்க மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன். இப்ப எம்பேரு கெட்டுக் கெடக்குது. உங்கம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன், எங்கம்மாவும் சொல்ல மாட்டாங்க. நீங்கதான் சொல்லோணும். சொல்லிட்டுக் கூப்புடுங்க. சொல்லலைன்னா கூப்புடவே வேண்டாம்."

கட் பண்ணிவிட்டாள். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "சொல்லுவாரா அண்ணி?" என்று கேட்டாள்.

போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. சசி பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள். ஒரு பையன் "டீச்சர், அந்தக் கணக்க நேத்தே போட்டுட்டோம்" என்று சொல்வது அடுப்படிவரை கேட்டது. விஷயம் தெரிந்த என் மாமியார் மாப்பிள்ளையைத் திட்டுவதா, அவனுக்காக வேண்டிக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். நான் என் பங்குக்கு அவனை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். அம்மா பிள்ளை, வாயைத் திறக்க மாட்டான், இவள் மறுபடி நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு உட்காரப்போகிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரு வாரம் ஆகியிருக்கும். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சாலம்மாள் மட்டும் இறங்கினார். மூக்குவரை இழுத்துவிட்ட மாஸ்க். உள்ளே கூப்பிட்டதற்கு வரவில்லை. வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டு, "பொண்ணக் கூப்புடுங்க" என்றார்.

சசி வந்து நின்றாள். என் மாமியார் பதற்றத்தில், "சம்பந்தியம்மா, நாங்க உங்களச் சந்தேகப்படவே இல்லீங்க" என்று ஆரம்பித்தார். நான் அவர் கையைக் கிள்ளினேன்.

"எம்மகன் சொல்லிட்டான்" என்றார் சாலம்மாள். "ரெண்டு நாளா எம்முன்னால வந்து வந்து நின்னுட்டுப் போனான். மூணாவது நாளு, சோத்துத் தட்ட வெச்சுட்டு, காய்ச்சலோட வந்தது நாந்தாம்மா, பொண்ணுமேல தப்பில்லன்னு அழுதான். எனக்கு நாலு அறை வுடோணும்னு வந்துச்சு. கிட்டப்போனா ஒட்டிக்கும்னு வுட்டுட்டேன். பொழச்சான்." ஒரு முறை இருமினார். "இது தூசி" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். "சின்னதுல இருந்து அவன் எங்கிட்டப் பொய்தான். பரீட்சை பேப்பரு, பைக்கு எடுத்தது, வேலைக்கு எழுதிப்போட்டது எல்லாத்தையும் நானாத்தான் கண்டுபுடிப்பேன். அவனா வந்து உண்மையச் சொன்னது இதுதான் முதல் வாட்டி. நான் அடிச்சும் வராதது நீ ஒரு போன்ல வர வெச்சுட்ட. தடங்கலாவது ஒண்ணாவது. எங்கூட்டுக்கு நீ வா சாமி."

சசி குனிந்து அவர் காலைத் தொடப்போனாள். சாலம்மாள் எட்டிப் பின்வாங்கி, "தூரமா நின்னே கும்புடு, இன்னும் ரெண்டு நாளு போவட்டும்" என்றார்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. சசி மொட்டை மாடிக்கு ஏறினாள். என்னைக் கூப்பிடவில்லை.

தை முடிவதற்குள் எங்கள் வாசலிலேயே நிச்சயம். எல்லோரும் முந்தின நாள் கிட்டில் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். லூர்துமேரியும் வந்திருந்தார், விருந்துக்கா கண்காணிப்புக்கா என்று அவருக்கே தெரியவில்லை. தட்டு மாற்றி முடித்ததும் மாமியார் உள்ளே போனார். உப்பு, மிளகாயோடு வரப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். லூர்துமேரி எழுந்து நின்றுவிட்டார்.

மாமியார் வந்தார். கையில் ஒரு பெரிய தட்டு. அதில் வரிசையாகக் காகிதப் பொட்டலங்கள். ஆளுக்கு ஒரு பொட்டலம் உப்பு மிளகாய்.

"யாரும் யாரு பொட்டலத்துலயும் துப்பக் கூடாது" என்றார் லூர்துமேரியைப் பார்த்துக்கொண்டே. "தனித்தனி டியூப்பு."

லூர்துமேரி தன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

எல்லோரும் துப்பி முடித்ததும் மாமியார் அத்தனை பொட்டலத்தையும் வாசலில் மூட்டியிருந்த விருந்து அடுப்பில் மொத்தமாகக் கொட்டினார். எப்போதும் ஒரு கைப்பிடி போகிற இடத்தில் அன்று ஒரு படி மிளகாய். கமறியது பாருங்கள் ஒரு கமறல்! மாமனார் இருமினார், என் வீட்டுக்காரர் தும்மினார், சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். லூர்துமேரி கண்ணில் தண்ணீர் வழிய "மாஸ்க், மாஸ்க்" என்று எல்லோரையும் விரட்டினார். சாலம்மாள் இருமிக்கொண்டே "இது தூசி இல்ல" என்றார். அத்தனை இருமலுக்கும் நடுவில் என் மாமியார் மட்டும் கையைத் தட்டிச் சிரித்தார். "நெடி வந்துருச்சு! பாத்துக்கங்க, கண்ணே இல்ல! யாரு கண்ணும் இல்ல!"

புகை கொஞ்சம் அடங்கியபோது சசியைக் காணவில்லை. தேடினால், அவள் வேப்பமரத்தடியில் ஒரு டம்ளர் காபியோடு நின்றாள். எதிரே பிரபாகர், மாஸ்க் இல்லாமல், இருமி இருமிச் சிவந்த முகத்தோடு நின்றான்.

"காபி பழக்கமில்லையா?" என்று கேட்டாள்.

அவன் டம்ளரை வாங்கினான். அண்ணாந்து குடிக்க வராது போலிருக்கிறது, வாய் வைத்தே குடித்தான். பாதி குடித்ததும் மறுபடி இருமல் வந்துவிட்டது. டம்ளரை வைக்க இடம் தேடினான்.

சசி கையை நீட்டி அதை வாங்கினாள். கீழே ஊற்றப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் டம்ளரை உயரத் தூக்கவில்லை, அண்ணாந்துகொள்ளவும் இல்லை. அவன் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து மிச்சக் காபியைக் குடித்தாள்.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். "ஒரே ஒரு வாட்டி குச்சி ஐஸ நக்குனதுக்கு..." என்று என்னிடம் முறையிட ஆரம்பித்தார். பக்கத்தில் லூர்துமேரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், சொல்லாமல் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.